ஒன்பதாம் நம்பரில் கொட்டியது

சேசு மரி சூசை துணை

புக்கிட் லாடா தோட்டம்,
சுங்கை சிப்புட்.
8.2.1981

அன்புள்ள தம்பி செபாஸ்டியனுக்கு அக்காள் குழந்தையம்மாள் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் மச்சானும் மகள் அகதாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. இருமல் விட்டதா? பனியில் லோரி ஓட்டும்போது கழுத்தில் துண்டு சுற்றிக்கொள் என்றால் நீ கேட்க மாட்டாய்.

கிறிஸ்துமசுக்கு நீ கொண்டுவந்த பிளாஸ்டிக் பைக் கட்டு பெரிய உதவியாகிவிட்டது. முன்பெல்லாம் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு போத்தல் கழுவுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும். உடைந்தது போக, திரும்பி வராதது போக, மிச்சத்தைக் கொதிக்கவைத்துக் கவிழ்க்க வேண்டும். இப்போது பையில் ஊற்றி வாயை முறுக்கி ரப்பர் வளையம் போட்டால் வேலை தீர்ந்தது. பட்டணத்துக் கோப்பிக்கடை முதலாளி, சீனத் தவுக்கேகூட, “இப்பத்தான் செனாங்லா அக்கா, சுளுவு, குடிச்சமா வீசினமான்னு போவுது” என்று சந்தோஷப்பட்டான். இன்னும் இரண்டு கட்டு கிடைத்தால் யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு வாரம் மூன்று நாள்தான். ஒன்பதாம் நம்பர் காட்டை யாருக்கோ விற்றுவிட்டார்கள். மரமெல்லாம் வெட்டிச் சாய்த்தாயிற்று, வாங்கியவன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நம் மாடுகளுக்குத்தான் யோகம். காலையில் அவிழ்த்துவிட்டால் செவலையும் வெள்ளச்சியும் சின்னியும் தாமாகவே அங்கே போய் மேய்ந்து மாலையில் வயிறு நிறைந்து திரும்புகின்றன. செவலை சினையாக இருக்கிறது. அடுத்த வீட்டுச் சன்னாசியும் இரண்டு மாடு வாங்கியிருக்கிறார். அவர் அவிழ்த்துவிடுவதே இல்லை. கட்டிப்போட்டுப் புல் அறுத்துப் போடுகிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சன்னாசி பெண்சாதி வீரம்மா விறகுக்குப் போனபோது பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்துச் செம்மண் ரோட்டில் உன்னை ஒரு லோரியில் பார்த்தாளாம். நீயா? அவ்வளவு தூரம் வந்தவன் ஒரு வாய் கோப்பி குடிக்க வீட்டுக்கு வராமலா போவாய் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்காள்,
குழந்தையம்மாள்


புந்தோங், ஈப்போ.
20.2.1981

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செபாஸ்டியன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூவர் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இருமல் முன்னைக்கு இப்போது தேவலை.

வீரம்மா அக்கா பார்த்தது நானில்லை. எங்கள் லோரி தஞ்சோங் மாலிம் பக்கம் சாமான் ஏற்றிப் போவது. சுங்கை சிப்புட் பக்கம் எனக்கு வேலையே இல்லை. பனியில் யாரைப் பார்த்தாலும் ஒரே முகமாகத்தான் தெரியும்.

பைக் கட்டு இரண்டு, பஸ் கண்டக்டர் பத்துமலையிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பட்டணத்தில் எல்லாமே இப்போது பையில்தான். கோப்பியைப் பால் டின்னில் கயிறு கட்டிக் கொடுத்த காலம் போய்விட்டது. மீ, சூப்பு, கறி, எதைக் கேட்டாலும் பையில் ஊற்றி ஒரு முடிச்சுப் போட்டுத் தருகிறான். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். தனி ஆளுக்கு அதுதான் தோது.

மச்சானுக்கு என் வணக்கம். அகதாவை ஐந்தாம் படிவப் படிப்பு முடியும்வரை வேறு வேலைக்கு விடாதீர்கள். சன்னாசி அண்ணன் மாட்டைக் கட்டிப்போட்டு வளர்ப்பது நல்ல வழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கள் தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை துணை

புக்கிட் லாடா தோட்டம்.
22.4.1981

அன்புள்ள தம்பிக்கு, அக்காளின் ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஈஸ்டர் பாஸ்குத் திருநாளுக்கு வருவாய் என்று பார்த்திருந்தோம். நீ வராததும் ஒரு வகையில் நல்லதுதான். வீடு திருநாள் வீடாக இல்லை. பெரிய வியாழனன்று செவலை செத்துப்போனது.

முதலில் அசை போடுவதை நிறுத்தியது. பிறகு இடது பக்கம் வயிறு மேளம் மாதிரி உப்பியது. இஞ்சி, பூண்டு, பெருங்காயம் தட்டி வெந்நீரில் புகட்டினோம். உள்ளே போனதெல்லாம் வாய் வழியாகத் திரும்பி வந்தது. நான்கு நாள் நின்றபடியே முனகியது. ஐந்தாம் நாள் முன்னங்கால் மடிந்து விழுந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கண் செருகியது. வயிற்றில் கன்று ஆறு மாதம். உன் மச்சான் ஆம்புரோஸ் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். அவர் அப்பா செத்ததற்குக்கூட அழாதவர், அன்று லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அப்படியே குழி வெட்டிப் புதைத்துவிட்டோம்.

இப்போது அவருக்கு வேறொரு எண்ணம் பிடித்திருக்கிறது. சன்னாசிதான் விஷம் வைத்தார் என்கிறார். நம் பால் குறைந்ததும் கோப்பிக்கடைத் தவுக்கே சன்னாசியிடம் வாங்க ஆரம்பித்தான், அதுதான் காரணம். “எம்மாடு சாவுது, அவன் மாடு மட்டும் எப்படி பூவாட்டம் நிக்குது?” என்று நேற்று நடு லயத்தில் நின்று கத்தினார். சன்னாசி உள்ளே போய்விட்டார். இருபது வருஷமாக விடியற்காலையில் ஒரே பெரட்டில் நின்று பேர் கொடுத்தவர்கள், ஒரே மலையில் பால்மரம் வெட்டியவர்கள். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது தம்பி. நீ படித்தவன். மாட்டுக்கு இப்படி ஒரு நோய் உண்டா என்று அங்கே யாரையாவது கேட்டு எழுது.

உன் அக்காள்,
குழந்தையம்மாள்


புந்தோங், ஈப்போ.
12.5.1981

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்து இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம்.

செவலை செய்தி படித்ததிலிருந்து மனம் சரியில்லை. சன்னாசி அண்ணன் அப்படிச் செய்கிறவர் அல்ல. மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. மாடுகளை ஒன்பதாம் நம்பர் பக்கம் விடாதீர்கள். ஈயக் குட்டைத் தண்ணீர் கெட்டிருப்பதாக இங்கே ஒருவர் சொன்னார். அந்தத் தண்ணீர் மாட்டுக்கு ஆகாதாம். வெள்ளச்சியையும் சின்னியையும் வீட்டிலேயே கட்டிப் புல் அறுத்துப் போடுங்கள். சிரமம்தான். ஆனாலும் இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் அக்கா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கள் தம்பி,
செபாஸ்டியன்


சேசு மரி சூசை துணை

புக்கிட் லாடா தோட்டம்.
1.6.1981

அன்புள்ள தம்பிக்கு, ஆசீர்வாதம். உன் சுகத்துக்கு எழுது. எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். குட்டைத் தண்ணீர் என்றதும் சிரித்துவிட்டார். நம் மாடுகளின் தாயும் பாட்டியும் குடித்த தண்ணீர் அது. “ஒந்தம்பி ஈப்போவுல ஒக்காந்து எனக்கு மாடு வளக்கச் சொல்லித் தாரானா?” என்றார். நான் உன் பேச்சை நம்பி ஒரு வாரம் இரண்டையும் கட்டிப்போட்டேன். புல் அறுக்க யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருவரும் இப்போது கொந்தராக்குக் கூலியாகக் காடு சுத்தம் செய்யப் போகிறோம், அகதா பள்ளிக்கூடம் போகிறாள். பசியில் கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு கத்தின. மறுபடி அவிழ்த்துவிட்டோம்.

முந்தாநாள் முதல் வெள்ளச்சி அசை போடவில்லை. செவலைக்கு வந்த அதே மாதிரி. உன் மச்சான் தொழுவத்தில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார். மரத்துக்குத்தான் தீட்டுகிறார் என்று அகதாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வரவேண்டும். என் பேச்சு எடுபடாது. நீ நேரில் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் கேட்பார், உன்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. லோரிக்காரத் தவுக்கே லீவு தராவிட்டால் அக்காளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல். பொய் இல்லை. வா தம்பி.

குழந்தையம்மாள்


சேசு மரி சூசை துணை

புக்கிட் லாடா தோட்டம்.
21.6.1981

தம்பிக்கு,

நீ இரண்டு ஞாயிறும் வரவில்லை. கடிதமும் இல்லை. உனக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு பக்கம் பயம். இங்கே நடந்ததைக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளச்சி செத்தது. நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், அதனால் உன் மச்சான் எழுந்து போனதைப் பார்க்கவில்லை. வீரம்மா அலறிய சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். சன்னாசி புல் கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் பின்னாலிருந்து விறகுக் கட்டையால் அடித்திருக்கிறார். கத்தி எடுக்காமல் போனாரே என்று நான் மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கை எலும்பு முறிந்துவிட்டது. இரண்டாவது அடி கண்ணில் விழுந்தது. வலது கண். சன்னாசி திருப்பி அடிக்கவில்லை தம்பி. “நான் என்னா செஞ்சேன் ஆம்புரோஸ், நான் என்னா செஞ்சேன்” என்று அதையே கேட்டுக்கொண்டு தரையில் கிடந்தார்.

அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உன் மச்சானைப் போலீஸ் கொண்டுபோயிற்று.

விஷம் என்று இவர் சொன்னதால் மறுநாள் அரசாங்கத்து மாட்டு டாக்டர் ஒருவரை அனுப்பினார்கள். மலாய்க்காரர், நல்ல மனிதர். வெள்ளச்சியின் வயிற்றை அறுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே பெரிய சோற்றுப்பானை அளவுக்கு ஓர் உருண்டை. வெளியே இழுத்துப் போட்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். முழுக்கப் பிளாஸ்டிக் பை. மீ கட்டிய பை, கறி ஊற்றிய பை, கோப்பிப் பை, அதைக் கட்டும் சிவப்புக் கயிறு, கருவாட்டுப் பை. ஒன்றோடொன்று முறுக்கிக் கல் மாதிரி இருந்தது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. புல்லில் விரித்துப் போட்டார், தொழுவத்து வாசல் கொள்ளவில்லை. “மக்சிக், இது விஷம் இல்லை” என்று, என்னை அத்தை என அழைத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார். உப்புக்கும் எச்சில் சோற்றுக்கும் ஆசைப்பட்டுப் பையோடு தின்றிருக்கிறது, உள்ளே போனது வெளியே வராமல் அடைத்துக்கொண்டது, எத்தனை தின்றாலும் பட்டினிதான் என்றார். அப்படியானால் செவலைக்கும் இதுதான்.

எங்கே தின்றன என்று நானும் அகதாவும் ஒன்பதாம் நம்பருக்குப் போய்ப் பார்த்தோம். மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் குப்பை மலையாகக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கடைக் குப்பை. லோரி டயர் தடம் புதிதாக இருக்கிறது.

அந்தப் பைகளில் நான் பால் கட்டிக் கொடுத்த பையும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே கொண்டுவந்து கொட்டினவன் ஒருவன் இருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

லோரி ஓட்டுகிற ஆட்கள் உனக்குப் பழக்கமாயிற்றே. யார் என்று விசாரித்து எழுது.

குழந்தையம்மாள்


புந்தோங், ஈப்போ.
9.7.1981

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். காய்ச்சலாகக் கிடந்தேன். இப்போது பரவாயில்லை. அகதாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சன்னாசி அண்ணன் கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

லோரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசாரிக்கிறேன்.

சின்னியைக் கட்டிப்போடுங்கள்.

செபாஸ்டியன்


சேசு மரி சூசை துணை

புக்கிட் லாடா தோட்டம்.
16.8.1981

அன்புள்ள தம்பிக்கு, ஆசீர்வாதம். உன் காய்ச்சல் முழுதும் விட்டதா என்று எழுதவில்லையே. இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், அதுவே சுகம்.

உன் மச்சானுக்கு ஒன்பது மாதம். தைப்பிங் சிறையில் இருக்கிறார். வயிற்றில் இருந்தது என்ன என்று லாக்கப்பில் நான்தான் சொன்னேன். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார், நான் புறப்படும்வரை தலையை எடுக்கவில்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சன்னாசிக்கு வலது கண் போய்விட்டது. இனி பால்மரம் வெட்ட முடியாது என்று தோட்டத்திலும் சொல்லிவிட்டார்கள்.

நான் பையில் பால் ஊற்றுவதை விட்டுவிட்டேன். இருப்பது சின்னி ஒன்றுதான், அதன் பாலைப் போத்தலில் கொண்டுபோனேன். தவுக்கே, “போத்தல் யாரு கழுவுறதுலா அக்கா?” என்று கேட்டு வேண்டாம் என்றான். நானே கழுவித் தருகிறேன் என்றேன். ஒரு வாரம் வாங்கினான், பிறகு நிறுத்திவிட்டான். இப்போது ஏழெட்டு வீட்டில் மட்டும் வாங்குகிறார்கள்.

வெள்ளச்சி வயிற்றிலிருந்து வந்ததைக் கழுவிக் காயவைத்திருந்தேன். அதை ஒரு கூடையில் போட்டுப் போன மாதம் ஒரு ஞாயிறு பூசைக்கு எடுத்துப்போனேன். கோயில் வாசலில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, கடைக்குப் போகிறவர்கள் இனிமேல் கூடையும் மங்குப் பாத்திரமும் எடுத்துப் போங்கள், பை வாங்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். பாதி சொல்வதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். லயத்திலும் வீடு வீடாகச் சொன்னேன். ஒருத்தி, “நான் ஒரு பை வாங்கலேன்னா ஒம்மாடு எந்திரிச்சி வந்துருமா?” என்றாள். ஆனாலும் நான்கு வீட்டில் கூடை எடுத்துப் போகிறார்கள்.

விடியற்காலையில் நானும் அகதாவும் ஒன்பதாம் நம்பருக்குப் போய்ப் பொறுக்குகிறோம். சாக்கில் கட்டிக் குழி வெட்டிப் புதைக்கிறோம். மறுநாள் போனால் பழையபடி கொட்டிக் கிடக்கிறது. பொறுக்கியது எங்கே என்றே தெரிவதில்லை. ஆபீசில் சொன்னால் அந்த இடம் இப்போது எங்களுடையது இல்லை என்கிறார் கணக்கெழுதும் கிராணி. நகராண்மைக்கு அகதா மலாயில் எழுதிப் போட்டாள், பதில் இல்லை. ஒருநாள் அங்கேயே உட்கார்ந்து குப்பையில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அகதா என்னைத் தூக்கி வந்தாள்.

போன வியாழக்கிழமை வீரம்மா என்னோடு பேசினாள். சண்டை நடந்த நாளிலிருந்து முதல் பேச்சு. பிப்ரவரியில் ஒன்பதாம் நம்பருக்குப் போகும் ஈயக் குட்டை ரோட்டில் லோரியில் பார்த்தது உன்னைத்தான் என்றாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை பார்த்தாளாம். நான் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், தம்பி. என் புருஷன் அவள் புருஷன் கண்ணைப் பறித்தான், நான் அவளை அடிக்கப் போனேன். அவள் நகரவில்லை. “அடிச்சிக்க. நான் பாத்தது பாத்ததுதான்” என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வாசித்தேன்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எழுத வேண்டியது இருந்தால் நீயே எழுது.

குழந்தையம்மாள்


புந்தோங், ஈப்போ.
18.10.1981

அக்கா,

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன்.

வீரம்மா அக்கா பார்த்தது என்னைத்தான். நான் ஓட்டியது குப்பை லோரி. ஈப்போவிலிருந்து செம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட் வரை சாப்பாட்டுக் கடைகளில் குப்பை எடுக்கும் குத்தகைக்காரரிடம் வேலை. சாமான் ஏற்றுகிறேன் என்று சொன்னது வெட்கத்தால். தோட்டத்தை விட்டு வந்து ஒரு வருஷம் புந்தோங்கில் வேலை இல்லாமல் அலைந்த பிறகு கிடைத்த வேலை இது.

குப்பையை அரசாங்கம் காட்டிய இடத்தில்தான் கொட்ட வேண்டும். அது தூரம். பக்கத்தில் ஆள் இல்லாத இடம் ஏதாவது தெரியுமா என்று தவுக்கே ஒருநாள் எல்லா டிரைவர்களையும் கேட்டார். யாரும் பேசவில்லை. நான் சொன்னேன், எனக்கு ஓர் இடம் தெரியும் என்று. நாம் பிறந்து வளர்ந்த இடம் அக்கா. இடம் காட்டியவனே நான்தான். மாடு மேயும் என்று அப்போது நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ, இப்போது எனக்கே நிச்சயமில்லை.

செவலை செத்த கடிதம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பைக்குள் தலையை விட்டு மாடு தின்பதை நான் லோரியிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றே உண்மையை எழுதியிருக்கலாம். குட்டைத் தண்ணீர் என்று எழுதினேன். வெள்ளச்சிக்கு வந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். அந்த ஞாயிறு சுங்கை சிப்புட் பஸ் நிலையம்வரை வந்தேன். மச்சான் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த ஒரு மைல் நடந்திருந்தால் சன்னாசி அண்ணனுக்குக் கண் இருந்திருக்கும், மச்சான் வீட்டில் இருந்திருப்பார். ஜூன் மாதத்துக்குப் பிறகும் ஓட்டினேன். நீங்களும் அகதாவும் பொறுக்கிய இடத்தில் மறுநாள் கொட்டியது நான்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்த மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். நகராண்மையில் போய் லோரி நம்பரும் இடமும் எழுதிக் கொடுத்தேன். ஒரு அதிகாரி என்னை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நம்பரில் இனி கொட்ட மாட்டார்கள். ஆனால் லோரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறொரு தோட்டத்துக்குப் பின்னால் கொட்டுகிறார்களாம், எந்தத் தோட்டம் என்று டிரைவர்கள் எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள். அங்கே யாருடைய மாடு மேய்கிறதோ.

போன மாதம் சன்னாசி அண்ணன் கண் சோதனைக்கு ஈப்போ வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து எல்லாம் சொன்னேன். கீழே விழுந்து காலைப் பிடித்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டார். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணு இருந்திருக்கும்லா, தம்பி” என்றார். அதற்குப் பிறகு பஸ் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது ஒரு மரப்பட்டறையில் கூலி வேலை. கோப்பியும் மீயும் மங்கில் வாங்குகிறேன், கடைக்காரன் சிரிக்கிறான். நான் தின்று எறிந்த பைகளை நானே அள்ளிக்கொண்டுபோய் உங்கள் மாட்டுக்குப் போட்டேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? மங்கில் வாங்குவதால் எதுவும் தீர்ந்துவிடும் என்று எழுதவில்லை. பையைக் கையில் வாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் மாதா முன்னால் சொன்ன சாபம் எனக்கானது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நான் கேட்க மாட்டேன். கிறிஸ்துமசுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

செபாஸ்டியன்


புக்கிட் லாடா தோட்டம்.
24.11.1981

செபாஸ்டியனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தைப்பிங்குக்கு எடுத்துப்போய் உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். “அடிச்சது நான். அவனா என் கையைப் புடிச்சி அடிக்க வெச்சான்?” என்றார். நான் கடிதத்தை மடித்தபோது, “ஆனா அவன் என் கண்ணுல பட வேணாம்” என்றார். இரண்டையும் எழுதுகிறேன். நன்னடத்தைக் கழிவு போக, கிறிஸ்துமசுக்கு முன்பே அவரை விடுகிறார்கள். ஆகையால் கிறிஸ்துமசுக்கு வராதே.

வீரம்மா வீட்டு வாசலில் நின்று அவளுக்கும் வாசித்தேன். சன்னாசி உள்ளே படுத்திருந்தார். வாசித்து முடித்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் விடியற்காலையில் நான் போனபோது எனக்கு முன்னால் சாக்கோடு ஒன்பதாம் நம்பரில் குனிந்து நின்றாள். அவள் மாடு ஒருநாளும் அங்கே மேய்ந்ததில்லை. ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வருகிறாள். பேசிக்கொள்வது குறைவுதான்.

லோரி வருவது நின்றுவிட்டது, அது உண்மை. ஆனால் இந்த மாத மழையில் மேடு கரைந்து பைகளெல்லாம் கால்வாயில் இறங்கிவிட்டன. போன வாரம் லயத்துச் சாக்கடை அடைத்து ஆறு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மண்ணை எங்கே தோண்டினாலும் பை வருகிறது. வைத்தபடியே, நிறம்கூட மாறாமல். எங்கள் ஆயுளில் தீராது என்று எனக்குத் தெரிகிறது. வீரம்மாவுக்கும் தெரிகிறது. சின்னியைக் கட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் இரண்டு நாளாக அது சரியாகத் தின்னவில்லை. முன்பு தின்றது உள்ளே இருக்கிறதோ என்னவோ. நான் அதன் வயிற்றைப் பார்ப்பதற்கே பயப்படுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மாதாவிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சாமியார் சொன்னார். முயற்சி செய்தேன். இன்னும் முடியவில்லை.

வருகிற ஞாயிறு பூசைக்கு முந்தின முதல் பஸ்ஸில் வா. வீட்டுக்கு வராதே. அகதா உன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நேராக ஒன்பதாம் நம்பருக்கு வந்துவிடு. நானும் வீரம்மாவும் பள்ளத்தின் கீழ்ப்பக்கம் பொறுக்கிக்கொண்டிருப்போம். நீ மேட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பி. மன்னிப்புக் கேட்காதே, எங்கள் இருவருக்கும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. சாக்கு மட்டும் கொண்டு வா, எங்களிடம் போதவில்லை.

உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தையம்மாள்